புழுக்காட்சி: நான்கு டிஸ்க்கும் ஒரு கேசட்டும்

என் தொழிலை உள்ளபடி சொல்லியிருந்தால் எனக்கு யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சின்போது "சினிமா சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவிட்டு காபியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டேன். விவரம் கேட்க வாயெடுத்தவர்களும், இவர் ரொம்ப அடக்கமானவர் போல என்று விட்டுவிட்டார்கள்.

வேலை இதுதான். ஒரு படம் தியேட்டரில் ஒரு மாதிரி ஓடியிருக்கும். தணிக்கையில் அடிபட்டு இன்னொரு மாதிரி வந்திருக்கும். வெளிநாட்டுக்கு விற்கும்போது எதையாவது சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பல வருஷம் கழித்து இயக்குநருக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, "இதுதான் நான் நினைத்த படம்" என்று இன்னொன்றைச் செய்வார். இந்த எல்லாவற்றையும் டிஸ்க்குகளாக்கி ஒரே பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்குகிற ஜென்மங்களும் இருக்கின்றன. இரண்டு டிவிகளை ஒட்டினாற்போல் வைத்து, இரண்டு வடிவங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டு கையிலும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, எது எங்கே கூடியிருக்கிறது, எது எங்கே குறைந்திருக்கிறது என்று நான் எழுதிக் கொடுப்பேன். வீட்டில் இந்த வேலைக்கு "ஆறு வித்தியாசம்" என்று பெயர். பத்திரிகையின் கடைசிப் பக்கத்துப் புதிரைப் போட்டுக்கொண்டே ஒரு மனிதன் குடும்பம் நடத்துகிறான் என்பதில் அவர்களுக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. இத்தனைக்கும் நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதாவது குடும்பத்தை நடத்துகிறவர் என் மாமனார்.

பெட்டி போட்டு விற்கிறவரை நாங்கள் பெட்டிக்காரர் என்போம். அவர் இந்த முறை அனுப்பிய படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருக்கலாம். செத்தவர்களைப் புழுக்களை வைத்து எழுப்புகிற ஒரு டாக்டரின் கதை. கதை என்பது என் பெருந்தன்மை. முதல் பாதியில் புழு வாய்க்குள் போகும். இரண்டாம் பாதியில் வெளியே வரும். தணிக்கை வடிவத்தில் போகும், வராது. வெளிநாட்டு வடிவத்தில் போகும், வரும், அதோடு ஒரு செத்த நாயும் வரும். "இயக்குநரின் முழுமை வடிவம்" என்பதில் இந்த எல்லாமும் மெதுவாக நடக்கும்.

நான்கையும் மாறி மாறிப் பார்த்ததில் நூடுல்ஸ் என்ற பொருள் என் வாழ்க்கையிலிருந்து விலகிக்கொண்டது. பல் தேய்க்கும்போது வாயில் நுரை வந்தால்கூடத் துப்பிவிட்டு என்ன நிறம் என்று பார்த்தேன். பெட்டிக்காரருக்கோ ஒரே குதூகலம். புதிதாகச் சுத்தம் செய்த பிரதியில் புழுக்களின் வழவழப்பு இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது என்று போன் செய்து சொன்னார். அதை முதல் வரியாகவே எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதிவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன்.

இந்தப் படத்தில் என் மாமியார் நடித்திருக்கிறார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. டாக்டரின் மேஜையில் மயங்கிக் கிடக்கும் நர்ஸ் வேஷம். டாக்டர் மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு பேசினை எடுத்து, அதிலிருப்பதை அவர் முகத்தில் கவிழ்ப்பார். நர்ஸ் கண்ணைத் திறந்து, கத்தி, கீழே விழுந்து புரள்வாள். அவ்வளவுதான் வேஷம். அதற்குப் பிறகு அத்தை எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தபால் பிரித்து, ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவி, ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். மாமா அவரைப் "புழுராணி" என்று கூப்பிடுவார். பாசமாகத்தான். பாசமாகக் கூப்பிடுவதால் நிறுத்தச் சொல்லவும் முடியாது.

அத்தை எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வார். மாவில் செய்த பொய்ப் புழு என்று சொன்னார்கள், தொட்டும் காட்டினார்கள், கண்ணை மூடிப் படுத்தேன், முகத்தில் விழுந்தது ஊர்ந்தது. மாமா அதற்கு எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். சினிமாவில் சொல்லாமல் செய்வார்களா, சம்பளம் வாங்கும்போது தெரிந்திருக்கும், வீட்டில் திட்டு விழும் என்று மாவுக் கதையைப் பிசைந்துவிட்டாய். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி.

இப்போது பெட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்க, பின்னணியில் இயக்குநர் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாக நினைவுகூர்ந்து பேசுவார். பெட்டியின் மேல் அவரை "மேதை" என்று போட்டிருந்ததால் நானும் அப்படியே அழைக்கிறேன். ஒரு மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேதைக்குத் தொண்டையில் கோழை. வாக்கியத்துக்கு ஒரு தடவை அதை உள்ளே இழுத்துக்கொள்வார். புழுக்காட்சி வந்தது.

"இந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்," என்றார் மேதை. "நிஜப் புழுதான்னு முன்னாடியே சொல்லிட்டேன். கொண்டு வாங்க சார்னு சொல்லுச்சு. ஷாட் முடிஞ்சதும் ஒரே சிரிப்பு."

எனக்குப் பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை காபி கொண்டுவந்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"நான் சிரிக்கல, மாப்பிள்ளை," என்றார்.

நான் படத்தை நிறுத்தினேன். நிறுத்திய இடம் சரியில்லை. திரை முழுக்க அவர் முகமும் புழுவும். அவசரமாக ஓடவிட்டேன். அது இன்னும் மோசம்.

இது எல்லாருக்கும் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். மேதை சொன்ன அந்த வாக்கியத்தைப் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடிக்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். என்னால் பொய் சொல்ல முடியாது என்பதால் இல்லை, சட்டென்று ஒரு பொய் தோன்றவில்லை.

"இத்தனை நாளா வீட்ல மட்டும்தான் என்னை நம்பல," என்றார் அத்தை. "இனிமே ஊர்லயும் நம்ப மாட்டாங்க. நீங்கதானே எழுதறீங்க. அவன் சொன்னது பொய்னு எழுதுங்க."

உடனே போன் செய்தேன். பெட்டிக்காரர் பொறுமையாகக் கேட்டார். அவர் எதையும் பொறுமையாகத்தான் கேட்பார். அழுகிய பிணத்தை மூன்று கோணங்களில் பார்த்து ரசிக்கிற மனிதருக்குப் பொறுமைக்கு என்ன குறை? மேதை பெட்டிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். உங்கள் மாமியார் சொன்னார் என்பதற்காக அவரைப் பொய்யராக்க முடியாதாம். "ஆதாரம் இருந்தா குடுங்க சார், பார்க்கலாம். எல்லா வடிவமும் உங்க கையிலதானே இருக்கு."

அது உண்மைதான். நான்கு வடிவங்களிலும் புழுக்காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாந்தி வருவதற்கும் வேலை செய்வதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேயே ஒரு வாரம் குடியிருந்தேன். ஒன்று மட்டும் தெரிந்தது: அத்தையின் வாய் அசைகிறது, ஆனால் கேட்கிற அலறல் அவருடையது இல்லை. வேறு யாரையோ கத்தவைத்து ஒட்டியிருக்கிறார்கள். அத்தையிடம் கேட்டேன்.

"'இது மாவு இல்ல, இது மாவு இல்ல'ன்னுதான் கத்தினேன்," என்றார். "அலறல்லாம் அப்புறம்."

அந்தக் குரல் எங்காவது பிழைத்திருக்குமா? நான்கிலும் இல்லை. அப்போதுதான் என் மனைவி, அப்பாவிடம் அந்தப் படத்தின் பழைய வீடியோ கேசட் இருக்கிறதே என்றாள்.

அந்தக் கேசட்டை எனக்கு நன்றாகத் தெரியும். வாடகைக் கடை ஒன்று மூடியபோது மாமா தூக்கிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்கள் கூடினால் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போடுவார். அலறல் வந்ததும் நிறுத்துவார். "எங்க வீட்டு நடிகை" என்பார். நான் மாப்பிள்ளையாக வந்த முதல் விருந்திலேயே எனக்கு அந்த மரியாதை நடந்தது. தொழில்முறையில் சொன்னால் அந்தக் கேசட்டுக்கு மதிப்பே கிடையாது. படம் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் வேகமாக ஓடுவதால் நேரமும் குறைவு. எங்கள் ஆட்கள் நேரம் குறைந்தாலே "வெட்டுப்பட்டது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான் ஒருநாளும் அதை டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் படத்தின் நீளத்தைத்தான் அளப்போம்.

ஆனாலும் அதில் பழைய ஒலி இருக்கலாம் அல்லவா?

கேசட் பிளேயர் மாமாவின் பேச்சை மட்டுமே கேட்கும். இடது பக்கம் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, பிறகு கொஞ்சம் கெட்ட வார்த்தை. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இடது டிவியில் கேசட், வலது டிவியில் டிஸ்க். மாமாவுக்கு உற்சாகம். அத்தை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படி, "இதோ வர்றா புழுராணி" என்று குரல் கொடுத்தார்.

ஒலியில் ஏமாற்றம்தான். அதே இரவல் அலறல், இன்னும் கரகரவென்று. நான் ரிமோட்டைக் கீழே வைக்கப் போனேன். பழக்கதோஷம், கண் மட்டும் இடதும் வலதும் போய்க்கொண்டிருந்தது.

வலது பக்கம், மேஜையின் விளிம்போடு படம் முடிந்தது. இடது பக்கம் முடியவில்லை. மேஜைக்குக் கால்கள் இருந்தன. கால்களுக்கு நடுவில் யாரோ குந்தியிருந்தார்கள்.

"மாமா, கொஞ்சம் பின்னாடி போங்க."

இங்கே ஒரு விளக்கம் தேவை. இந்த மாதிரிப் படங்களில் கேமரா எடுப்பது கிட்டத்தட்டச் சதுரமான படம். தியேட்டரில் போடும்போது மேலேயும் கீழேயும் ஒரு பட்டையை மறைத்து, அகலமாகக் காட்டுவார்கள். மறையப் போகிறது என்று தெரிந்ததால் படப்பிடிப்பில் கீழ்ப்பட்டையில் யார் இருந்தாலும், எது கிடந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். டிஸ்க் போடுகிறவர்களும் தியேட்டரில் தெரிந்ததை மட்டும் போடுவார்கள். கேசட் போட்ட மகராசன் ஒரு சோம்பேறி. எதையும் மறைக்காமல், கேமரா பார்த்தது அத்தனையையும் அப்படியே ஏற்றிவிட்டிருக்கிறான். நீளத்தில் எதுவும் கூடவில்லை. உயரம் கூடுதல்.

மாமா பின்னால் ஓட்டி, மறுபடி ஓடவிட்டார். மேஜைமேல் அத்தை கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தலைமாட்டுக்கு நேர் கீழே, ஒரு ஸ்டூலில் பேசின், அதில் வெள்ளையாக மாவுத் துண்டுகள். கீழே குந்தியிருப்பது மேதை. தொப்பி போட்ட இளம் மேதை. மேஜைக்குப் பின்னாலிருந்து டாக்டர் கையைக் கீழே நீட்டும் நேரத்தில், மேதை அந்தப் பேசினைச் சத்தமில்லாமல் எடுத்துத் தரையில் வைக்கிறார். தன் மடியிலிருந்து இன்னொரு பேசினை எடுத்து டாக்டரின் கையில் கொடுக்கிறார். அதிலிருப்பது நெளிகிறது. பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உதட்டின்மேல் விரலை வைக்கிறார்.

மாமா நிறுத்தினார். கேசட்டை நிறுத்தினால் படம் நிற்காது, அங்கேயே நடுங்கும். அந்த விரலும் சிரிப்பும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அந்தப் படத்தில் வெட்டுப்பட்ட குடலைப் பார்த்திருக்கிறேன், நாயைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் கையைக் கழுவினால் போதுமாயிருந்தது. இந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பு முழுக்க ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது; எதைப் போட்டுத் தேய்த்தால் போகும் என்று தெரியவில்லை.

என் மனைவி போய் அத்தையைக் கூட்டிவந்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிவிக்கு மிக அருகில் போய்க் குனிந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கீழே மட்டும் பார்த்தார்.

"'கண்ண மூடிக்கோ பாப்பா'ன்னான்," என்றார்.

மாமாவின் கை இன்னும் பிளேயரின்மேல் இருந்தது. பேசியது, வழக்கமாக எல்லாரையும் அடக்கும் அந்தக் குரலில் இல்லை.

"எத்தனை தடவை போட்டிருக்கேன். நான் உன் மூஞ்சியத்தான் பார்த்தேன்."

"எல்லாரும் அதத்தான் பார்த்தீங்க," என்றார் அத்தை.

மாமா பிளேயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

நடுங்கும் படத்தைப் போனில் பிடித்துப் பெட்டிக்காரருக்கு அனுப்பினேன். இனி அந்த வாக்கியம் போய்விடும், மேதையின் பேச்சையும் எடுத்துவிடுவார்கள், அத்தையிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு. போன் வந்தது. மனிதர் மூச்சுவாங்கினார்.

"சார், புதையல் சார் இது."

ஐந்தாவதாக ஒரு டிஸ்க் போடலாமாம். பெட்டியின்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டலாமாம்: இதுவரை யாரும் காணாத கீழ்ப்பகுதி. அவர் பேசப் பேச, போனை என் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஊர்ந்து வந்துவிடும் போலிருந்தது. மேதையின் பேச்சு பொய் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா என்றேன். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, பேரம் ஆரம்பித்தார். பின்பக்கத்து வாக்கியத்தை எடுத்துவிடலாம். பேச்சிலும் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம், மேதைக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாகக் கேசட்டைக் கொடுக்க வேண்டும்.

ஒரு பெண்ணின் முகத்தில் புழுவைக் கொட்டியது ஒரு வியாபாரம். கொட்டியவன் மாட்டிக்கொண்டதும் இன்னொரு வியாபாரம். நடுவில் கமிஷன் வாங்காத தரகனாக நான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அத்தை வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று உறுதியாக நினைத்தேன். அப்படிச் சொன்னதும் பெட்டிக்காரரிடம் பேச வேண்டிய வசனத்தை மனதுக்குள் தயார் செய்தும் வைத்தேன். வேலையை உதறுகிற வசனம். நல்ல வசனம், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதுவரை யோசித்திருந்தேன். மாமா கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சிலிருந்து அந்த இடத்தை வெட்டுகிறார்களாம் என்ற நல்ல செய்தியையும் சொன்னேன்.

"வெட்ட வேண்டாம்," என்றார் அத்தை.

எனக்குப் புரியவில்லை.

"வெட்டிட்டா அவன் அப்படிச் சொன்னதே இல்லன்னு ஆயிடும். ஏற்கெனவே எவ்வளவோ வெட்டியாச்சு. போன் போட்டுக் குடுங்க, நானே பேசறேன்."

போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். பெட்டிக்காரர் மேடம், மேடம் என்று உருகினார். அந்தக் காட்சி உலகத் தரம் என்றார். நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றுகூடச் சொன்னார். அத்தை, தபால் நிலையத்தில் விலாசம் சரியில்லாத பார்சலோடு வந்தவரிடம் பேசுகிற தோரணையில், முடியட்டும் என்று காத்திருந்தார்.

"கேசட்டத் தர்றேன்," என்றார். "பின்பக்கம் எழுதினத எடுத்துடணும். ஸ்டிக்கர் கூடாது. அந்த அலறலும் கூடாது, அது என்னோடது இல்ல. அந்த ஆள் பேசறதப் போடுங்க. எல்லாம் தெரியும், முன்னாடியே சொல்லிட்டேன்னு பேசறான்ல, அந்தப் பேச்சு. அது ஓடறப்ப டிஸ்க்ல இருக்கற படத்த எடுத்துட்டு, கேசட்ல இருக்கற முழுப் படத்தப் போடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

இருபது வருஷமாக வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தன் வாயையும் அவன் விரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் வசனம் தொண்டையிலேயே கிடந்தது. அதை முழுங்கினேன், அதுவும் வழவழவென்றுதான் இறங்கியது.

பெட்டிக்காரர் ஒருவழியாகச் சரி என்றார். அவருக்கு எப்படியும் லாபம்தான். அந்தச் சந்தோஷத்தைக் குரலில் மறைக்கத் தெரியவில்லை. பிறகு, ஒரு சின்னச் சிக்கல் மேடம், கையெழுத்துப் போட வரும்போது டைரக்டர் சாரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா, இல்லையென்றால் வருத்தப்படுவார் என்று இழுத்தார்.

"சொல்லாதீங்க," என்றார் அத்தை. "எனக்கு யாரும் சொல்லல இல்ல?"

போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் போகாமல் அங்கேயே உட்கார்ந்தார். மாமா எழுந்து போனார். இடது பக்கம் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, கெட்ட வார்த்தை இல்லாமலே கேசட் வெளியே வந்தது. அதை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, விரல்களைச் சட்டையில் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.